1901க்கு விழுந்த மதகு

பழுகாமத்து வயல்வெளியான வட்டைக்கு நீர் விடும் மதகுக் கதவை நேரம் பார்த்துத் திறக்கும் பழைய கணினியைத் திருத்த, ஏறாவூரிலிருந்து ஒல்லியான ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். எந்தக் கணினியைத் தொட்டாலும் முதலில் அதன் ஆண்டை 2038க்குத் தள்ளிப் பார்ப்பது அவர் பழக்கம். எங்களுடையது 1901க்கு விழுந்தது. நொடிகளை எண்ணிவைக்கும் இடம் 2038ஓடு நிரம்பி, பின்னோக்கிப் புரண்டுவிடுமாம். மூன்று நாள் இருந்து, அதன் சி மொழி நிரல் நூலகத்தில் அந்த இடத்தை அகலமாக்கினார். கிழட்டுக் கணினி கொஞ்சம் மந்தமானது.

எனக்கு எரிச்சல். “பழையபடி ஆக்கி விடுங்க. 2038ல நான் பென்சன்ல இருப்பன்.”

“ஓம் சேர். வட்டையும் பென்சன் போகுமா?” என்று கேட்டவர், நான் வாய் திறக்கும்வரை காத்திருக்காமல் தான் செய்த திருத்தம் எல்லாவற்றையும் அழித்தார்.

மகனுக்கு நான் எழுதிக் கொடுத்த வயல் அந்த வட்டையில்தான் இருக்கிறது.