ஒரு விரலுக்காகப் போட்ட லினக்ஸ்

அண்ணன், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். நாற்பது வயதைத் தாண்டியதும் நரம்பு நோய் வந்தது. முதலில் கால் போனது, பிறகு கை, பிறகு பேச்சு. மூன்றாவது வருடம் அவரிடம் மிஞ்சியவை கண்களும் வலது கை ஆட்காட்டி விரலும்தான். ஆமாம் என்றால் ஒரு முறை கண் சிமிட்டுவார், இல்லை என்றால் இரண்டு முறை. அவர் எதைச் சொல்ல நினைத்தாலும் அதை நாங்கள்தான் யூகித்துக் கேட்க வேண்டும். தண்ணியா, வலிக்குதா, திரும்பிப் படுக்கணுமா. எங்களுக்குத் தோன்றாத கேள்விகளுக்கான பதில்கள் அவருக்குள்ளேயே கிடந்தன.

நான் சுங்கை சோவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் வேலை பார்த்தேன். சனிக்கிழமை தோறும் புக்கிட் பெலிம்பிங்கில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போவேன். அங்கே அவரும் அண்ணியும் மட்டும்தான். பிள்ளைகள் இல்லை.

படிக்கிற காலத்தில் நான் வைத்திருந்த மேசைக் கணினி அந்த வீட்டில்தான் கிடந்தது. ஒரே பொத்தானால் எழுத உதவும் மென்பொருள் ஒன்றை அதில் ஏற்றிப் பார்த்தேன். கணினி திறப்பதற்கே கால் மணி நேரம் ஆனது. மென்பொருள் பாதியில் உறைந்து நின்றது. பழைய கணினிகளுக்கென்றே இலேசாகச் செய்த லினக்ஸ் என்ற இயங்குதளம் இருக்கிறது, அதன் திரை விசைப்பலகையை ஒரு விரலாலேயே இயக்கலாம் என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். எழுத்து வரிசைகள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்து போகும். வேண்டிய வரிசை வரும்போது அழுத்தினால் அங்கே நிற்கும். பிறகு அந்த வரிசையின் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். மறுபடியும் அழுத்தினால் எழுத்து விழும்.

அடுத்த சனிக்கிழமை காலை பென்டிரைவோடு போனேன். கணினியை அவர் கட்டிலுக்கு எதிரே நகர்த்தி வைத்தேன். முதலில் போட்ட லினக்ஸ் கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. தெரிந்தவரை தட்டிப் பார்த்துவிட்டு, அதைவிட இலேசான இன்னொன்றைக் கைப்பேசி வழியாக இறக்கினேன். அது ஓடியது. வட்டில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிட்டு நிறுவட்டுமா என்று திரை கேட்டது. அவருடைய படங்களை முன்பே வேறு இடத்தில் எடுத்து வைத்திருந்தேன். இருந்தாலும் கேட்டேன்.

“எல்லாத்தையும் அழிச்சிடவாண்ணே?”

யோசிக்காமல் ஒரு முறை கண் சிமிட்டினார்.

நிறுவல் பட்டை மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். உண்மையைச் சொன்னால், அந்த மூன்று வருடத்தில் அவர் அறையில் நான் நிம்மதியாக உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான். பார்ப்பதற்கு அவர் முகத்தைத் தவிர வேறொன்று இருந்தது.

முடிந்த பிறகு கணினிக்கு வைஃபை தெரியவில்லை. கைப்பேசியைக் கம்பியால் இணைத்து அதைச் சரிசெய்தேன், தமிழ் விசைப்பலகையைச் சேர்த்தேன். மணிக்கட்டுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, மௌஸின் பொத்தான் மேல் அவர் விரலை வைத்தேன். விரல் அழுத்துவதற்குள் ஒளி அடுத்த வரிசைக்குப் போய்விட்டது. வேகத்தைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். முக்கால் மணி நேரம் கழித்து முதல் சொல் விழுந்தது.

‘மூக்கு’

அண்ணி ஓடிப்போய் அவர் மூக்கைச் சொறிந்துவிட்டார். எத்தனை நாளாக அரித்துக்கொண்டிருந்ததோ. அண்ணி சிரித்தார், பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் சின்னச் சின்னச் சொற்கள் வந்தன. காத்தாடி வேணாம். கால் குளிருது. கொசு கடிக்குது. விரல் பழகப் பழக ஒளியின் வேகத்தைக் கூட்டினேன். நான் கர்வத்தோடு திரிந்தேன்.

அதற்குள் அண்ணனுக்கு மூச்சு விடுவது சிரமமாகத் தொடங்கியிருந்தது. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டியிருக்கும், முடிவு செய்து சொல்லுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அண்ணி வைத்துவிடலாம் என்றிருந்தார். அண்ணனிடம் யாரும் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை அவர் ‘கோப்பி’ என்று எழுதினார். வாயால் குடிப்பதை நிறுத்தி மாதங்கள் ஆகியிருந்தன. நாக்கில் இரண்டு சொட்டு விடுவதற்காக அண்ணி அடுப்படிக்குப் போனார். விரல் உடனே மறுபடியும் அழுத்தத் தொடங்கியது.

‘குழாய் வேணாம். போதும். அவகிட்ட நீ சொல்லு’

அண்ணி கோப்பியோடு வரும் சத்தம் கேட்டது. நான் எல்லாவற்றையும் அழித்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொல்லவில்லை. இரண்டு முறை அடுப்படி வரைக்கும் போய்விட்டு, சொல்லாமலே திரும்பி வந்தேன். அடுத்த வாரம் நான் உட்காருவதற்குள் அவர் ‘சொன்னியா’ என்று எழுதினார்.

“சொன்னேண்ணே,” என்றேன்.

அவர் கண் சிமிட்டவில்லை. வேறு எதையும் எழுதவுமில்லை. எழுத்து வரிசைகள் ஒளிர்ந்து ஒளிர்ந்து அணைந்துகொண்டிருந்தன. கடைசியில் நானே திரையை அணைத்தேன்.

நான்கு நாள் கழித்து, ஒரு புதன்கிழமை, அண்ணனைச் சேர்த்திருப்பதாக மருத்துவமனையில் இருந்து அண்ணி அழைத்தார். நான் போய்ச் சேர்ந்தபோது மருத்துவர் அண்ணியிடம் பேசிக்கொண்டிருந்தார். குழாயைப் பற்றித்தான் பேச்சு. இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்கு முன்பே அண்ணி மலாய் மொழியில், வேண்டாம், அவருக்கு அது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குரல் நடுங்கவில்லை. மறுநாள் மதியம் அண்ணன் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிய பிறகு, அண்ணி பெரிய சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்று, அண்ணன் எழுதியதையும் நான் பொய் சொன்னதையும் சொல்லி முடித்தேன்.

“தெரியும் தம்பி,” என்றார் அண்ணி. “நீங்க அப்படிச் சொல்லிட்டுப் போன மறுநாளே குழாய் வேணாம்னு எங்கிட்டயும் எழுதிட்டாரு. தம்பி பயப்படுறான், அவனைத் திட்டாதேன்னு.”

அண்ணி சட்டியை மறுபடியும் தேய்க்கத் தொடங்கினார்.

“நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்லா. எங்கூட ஒருத்தரு இருந்திருந்தா கொஞ்சம் தாங்கியிருப்பேன்.”

சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். மழைக்கு முன்னால் போய்ச் சேரச் சொன்னார். நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.