ரோசியை மீட்ட விலை

வீட்டுக்குச் சாமான் வாங்குவதும் ஒரு உத்தியோகம்தான். சம்பளம் கிடையாது, ஏமாந்தால் மட்டும் மெமோ உண்டு. கடத்தூருக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து இதைத்தான் பார்க்கிறேன். பையும் கையுமாகச் சந்தையில் அலையும் சக கைதிகளே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

தக்காளிக்காரியின் சாபம்

பேரம் பேசாமல் நான் ஒரு கொத்தமல்லிக் கட்டுகூட வாங்கியதில்லை. கான்வென்டில் சிஸ்டர்கள் பொறுமை, பணிவு என்று இரண்டைச் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டிலும் நான் ஃபெயில். போன மாதம் தக்காளிக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி நின்றேன். அதோடு விடாமல் கூறு கட்டி வைத்திருந்ததைக் கலைத்து, அடியில் நசுங்கிக் கிடந்ததைப் பொறுக்கி வெளியே வைத்தேன். தக்காளிக்காரி வெடுக்கென்று பையைப் பிடுங்கி, நல்லதாக அள்ளிப் போட்டுக் கொடுத்தாள். "யக்கா, ஒரு நாளைக்கு நீங்களும் வாய மூடிக்கிட்டுக் கேட்டதுக்கு மேல குடுப்பீங்க, அத என் கண்ணால பாக்கணும்!"

ஆணியில் வெறும் கயிறு

ரோசி எங்கள் மாடு. பால் வற்றிவிட்டது, மறுபடி சினையும் பிடிக்கவில்லை. தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு நான் இண்டூர் போன சமயம் பார்த்து, வீட்டுக்காரர் அதை ஒரு வியாபாரியிடம் பதினோராயிரத்துக்குப் பிடித்துக் கொடுத்துவிட்டார். நான் வந்து பார்த்தால் ஆணியில் கயிறு மட்டும் தொங்குகிறது. எங்கள் பக்கம் மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் லட்சுமியும் கூடவே போய்விடுவாளாம்.

நானாவது, மாட்டுக்கு அழுவதாவது! ஆனால் மறுநாள் விடிந்ததும் கழுநீர் வாளியோடு கொட்டகையில் போய் நின்றிருக்கிறேன். தினம் காலையில் ரோசியை நான் இங்கிலீஷில் திட்டுவது வழக்கம். இந்த வீட்டில் நான் பேசி முடிக்கும்வரை நின்று கேட்கிற ஜீவன் அது ஒன்றுதான். "எங்கேங்க போகும் அது?" என்று கேட்டேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நாளைக்குச் சந்தையில கை மாறும். அப்புறம் லாரிதான். அதுக்கு மேல கேக்காத, புஷ்பா."

துண்டுக்குக் கீழே

மறுநாள் புதுப் பிரிட்ஜுக்கென்று வைத்திருந்த சீட்டுப் பணத்தையும் அந்தப் பழைய கயிற்றையும் எடுத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினேன். அவரும் வந்தார். விற்ற மாட்டை எந்த முகத்தோடு திருப்பிக் கேட்பது என்று டீக்கடையோடு நின்றுவிட்டார். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். இரண்டு பேர் கையும் ஒரு துண்டுக்குக் கீழே போகும். பிடிக்கிற விரல்தான் விலை. நான் போனபோது வியாபாரியும் ஒரு வெளியூர்க்காரரும் துண்டுக்குள் கையை விட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர்கள்போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ரோசி. பின்னால் லாரி.

"அண்ணா, அந்த மாடு எனக்கு வேணும்" என்றேன். "ஆம்பளையாளுங்கள அனுப்புங்கம்மா" என்றார் வியாபாரி, வானத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். பொறுமையில் ஃபெயில் என்று முதலிலேயே சொன்னேனே! துண்டைப் பிடித்து உருவிவிட்டேன். வெளியூர்க்காரர் பிடியில் வியாபாரியின் மூன்று விரல். விரலுக்குப் பத்தாயிரம் என்று கணக்குப் போட்டேன். அடப்பாவி, பதினொன்றுக்கு வாங்கி முப்பதுக்கா விற்கிறாய்! "அந்த முப்பத நானே தர்றேன்!" என்று கத்தினேன்.

சந்தையே திரும்பிப் பார்த்தது. வெளியூர்க்காரர் விரலை விட்டுவிட்டு, வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு நகர்ந்தார். ரோசியும் என் குரல் கேட்டுத் திரும்பியது. "கம் ஹியர், யூ ஸ்டுப்பிட்!" என்றேன், வந்து என் முந்தானையை மெல்ல ஆரம்பித்தது. வியாபாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஏம்மா, இது இங்கிலீஷ் மாடுன்னு உங்க வூட்டுக்காரர் சொல்லவே இல்லீங்களே?"

வண்டி வாடகை

பணத்தை எண்ணிக் கொடுத்து, பழைய கயிற்றையே மாட்டி, மினி வேனில் ஏற்றினோம். வீட்டுக்காரர் பின்னால் மாட்டோடு நின்றுகொண்டார். என் பக்கத்தில் உட்காரும் தைரியம் அவருக்கு இல்லை. வழியில்தான் வண்டிக்கார பாய் விஷயத்தை உடைத்தார். இந்த மாதிரி மாட்டுக்குப் பத்தாயிரம் என்பது பேசாமலே தெரிந்ததாம். அதற்கு மேலே எத்தனை ஆயிரம் என்பதற்குத்தான் விரலாம். மூன்று விரல் என்றால் பதிமூன்று.

இப்போது வயிறு எரியும் என்று காத்திருந்தேன். எரியவில்லை. பின்னால் ரோசி கம்பியில் மூக்கை வைத்து விட்ட மூச்சு சூடாகக் கழுத்தில் பட்டது. நேற்றிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் எங்கே போனதென்றே தெரியவில்லை. ஆனால் பழக்கதோஷம் விடுமா? வண்டி வாடகையில் நூறு ரூபாய் குறைத்துக்கொள்ளச் சொன்னேன். பாய் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். "ஏன்க்கா, நானும் அந்த மாட்டு லாரிகிட்ட நின்னிருந்தா கேட்டதக் குடுத்திருப்பீங்களா?"

பிரிட்ஜ் பழையதுதான், இந்தக் கதை காதுக்கு எட்டியதிலிருந்து தக்காளிக்காரி ஒரு ரூபாய்கூடக் குறைப்பதில்லை. இருந்தாலும் விடிந்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு போனால் திட்டு வாங்க ஆள் இருக்கிறது, அதன் விலைக்கு எந்த விரலைப் பிடிப்பதென்று எந்தச் சந்தைக்காரருக்கும் தெரியாது.