லீனோவின் நீல பெஞ்சு

எங்கள் ஊர் ஸ்லீர்வெல்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் எல்லோரும் ரேடியோவைப் போட்டுவிட்டு லீனோவைத் திட்டுவார்கள். திட்டுவதற்காகத்தான் ரேடியோவே போடுவது.

லீனோவின் முழுப்பெயர் அடெலினோ. போர்ச்சுகல்காரர். வாலிபத்தில் எங்கள் ஊர் உருளைக்கிழங்கு மாவு ஆலைக்கு வெல்டிங் வேலைக்கு வந்தார். நான் பிறப்பதற்கு ரொம்ப முந்தி. அவர் மனைவியின் கல்லறை இங்கேதான் இருக்கிறது. மகள் இனெஸ் இங்கே வளர்ந்து, கல்யாணம் செய்துகொண்டு போர்ட்டோவுக்குப் போய்விட்டாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் லீனோவுக்கு ஊர் ரேடியோவில் பத்து நிமிஷம் கொடுத்தார்கள். அந்த வாரத்துச் செய்திகளையும், தெருவில் தான் பார்த்ததையும் பேசுவார். நிகழ்ச்சிக்குப் பெயர் ‘வெளியிலிருந்து ஒருவன்’. அந்தப் பெயரை வைத்தது அவர் இல்லை, நாங்கள்.

“இந்த ஊர்ல ஜன்னலுக்குத் திரை கிடையாது. உள்ள விளக்கு, சோபா, பூனை, மாமியார் எல்லாம் தெரியும். ஆனா நீங்க நின்னு பார்த்தா கோவம் வந்துடும். அப்ப யாருக்காகங்க இந்த ஷோ?” என்பார்.

இன்னொரு வாரம்: “ஏழு நாளா பேப்பர்ல ஓநாய். ஓநாய் ஆட்டைத் தின்னுச்சு, ஓநாய்க்கு ஒரு கூட்டம், ஆட்டுக்கு ஒரு கூட்டம். நடுவுல மந்திரிசபை கவிழ்ந்திருக்கு. அதை வானிலைக்கு அப்புறம் போட்டிருக்காங்க.”

நான் அப்போது டீனெக்கெயின் வறுவல் கடையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் என்னை வேண்டாம் என்றது. எனக்கும் அது வேண்டியிருக்கவில்லை. தலைமையாசிரியரின் சைக்கிளைக் கொடிக்கம்பத்தில் ஏற்றியது நான்தான் என்று இன்றுவரை நிரூபணம் ஆகவில்லை. பேச்சு முடிந்ததும் லீனோ நேராக எங்கள் கடைக்கு வந்து இறைச்சி உள்ளே வைத்துப் பொரித்த ஒரு க்ரோக்கெட் வாங்கிச் சூடு ஆற ஊதிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

“என் மாமியாரையா சொன்னே?” என்று டீனெக்கெ கரண்டியோடு வருவாள்.

“ஊர்ல உனக்கு மட்டுமா மாமியார் இருக்கா?”

“எங்க ஜன்னல்ல மட்டும்தான் பூனை இருக்கு!”

டிசம்பர் கடைசி வெள்ளி. நான் கிழங்கும் கையுமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பத்தாவது நிமிஷம் முடிகிற நேரத்தில் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. “இது கடைசி நிகழ்ச்சிங்க. மக ஒரு ரூம் காலி பண்ணி வச்சிருக்கா. ஜனவரியில வீட்டு வாசல்ல விற்பனைப் பலகை நடப்போறேன். இத்தனை வருஷம் திட்டினதுக்கு நன்றி.”

அடுத்த பாட்டு ஓட ஆரம்பித்தது. டீனெக்கெ எண்ணெயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அவர் கடைக்கு வரவில்லை.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வருஷக் கடைசி இரவைச் சொல்லியாக வேண்டும். பையன்கள் வீடு வீடாகப் போய்க் கட்டிப்போடாத சாமானையெல்லாம் இழுத்துவந்து சர்ச் மைதானத்தில் குவிப்போம். குப்பைத்தொட்டி, தோட்டத்து நாற்காலி, முயல்கூண்டு, எதுவானாலும் சரி. இதற்கு ‘இழுப்பு’ என்று பெயர். காலையில் ஊரே திரண்டு வந்து எங்களைத் திட்டிவிட்டு, அவரவர் சாமானைப் பொறுக்கிக்கொண்டு, காபி குடித்துவிட்டுப் போகும். போலீஸ்காரர் தன்னுடைய தள்ளுவண்டியையும் அங்கேதான் வந்து எடுத்துக்கொள்வார்.

வருஷக் கடைசி நாள் மத்தியானம் தெருவில் எல்லோரும் சங்கிலியும் கயிறுமாக அலைந்தார்கள். லீனோவின் பக்கத்து வீட்டு ஹெங்க், குப்பைத்தொட்டியை ஆப்பிள் மரத்தோடு சேர்த்துப் பூட்டிக்கொண்டிருந்தார். லீனோ மட்டும் பின்தோட்டத்திலிருந்து தன் நீல பெஞ்சை முன்தோட்டத்துக்கு மூச்சுவாங்க இழுத்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பாவமாக இருந்தது. “லீனோ, இன்னிக்குப் போய் முன்னாடி வைக்கிறீங்களே. தூக்கிட்டுப் போயிடுவாங்க.”

“யாரு?”

“வேற யாரு. நாங்கதான்.”

“அப்படியா?” பெஞ்சை வேலியோரமாக நேராக்கினார். “வருஷா வருஷம் வைக்கிறேன்டா வீபெ. காலையில பார்த்தா இங்கேயே கிடக்கு. போன வருஷம் பெயின்ட் அடிச்சுக்கூட வச்சேன்.”

நான் பெஞ்சின் பெயின்டை விரலால் தடவிப் பார்த்தேன்.

“ஹெங்க் பூட்டுப் போட்டுக் கட்டுறான், அவனுதை மரத்துலேருந்து அறுத்துட்டுப் போறீங்க. எனக்கு மட்டும் என்னடா இவ்வளவு மரியாதை?” சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் நேராக ஹார்ம் வீட்டுக் கொட்டகைக்குப் போனேன். ஹார்ம் என் சிநேகிதன். டிராக்டர் அவனுடையது என்பதால் இழுப்புக்கு அவன்தான் தலைவன்.

“லீனோ வீட்டுல ஏன் நாம எடுக்கிறதில்ல?”

“எடுக்கக் கூடாதுன்னு எங்கப்பா காலத்துலேருந்தே இருக்கு. வெளியூர்க்காரரு, பாவம். அவருக்கு என்ன புரியும்? பயந்து போலீஸுக்கு போன் பண்ணிட்டா?”

“ஸ்டேஷன்ல போனை எடுக்கப்போறது உங்க அண்ணன்தானேடா.”

ஹார்ம் யோசித்தான். அவன் யோசிப்பது வெளியிலிருந்தே தெரியும், நெற்றி அசையும்.

“அவர் பெஞ்சை நமக்காக எடுத்து வச்சிருக்காருடா,” என்றேன். “வருஷக்கணக்கா. நாம நல்லவங்களா இருக்கிறதா நெனச்சு தாண்டித் தாண்டிப் போயிருக்கோம்.”

“அடப்பாவமே. சரி, இன்னிக்குப் பெஞ்சைத் தூக்கிடுவோம்.”

“அதான் யோசிக்கிறேன். அவரே எடுத்து வச்சதைத் தூக்கிட்டுப் போனா அதுக்குப் பேர் இழுப்பா? டெலிவரிடா.”

அப்புறம் என்ன செய்தோம் என்று எழுதப்போவதில்லை. ஹார்மின் அண்ணன் படிக்கக்கூடும்.

புத்தாண்டுக் காலை. உறைபனி விழுந்து ஊர் வெள்ளையாகக் கிடந்தது. நான் ஹெங்க் வீட்டு வேலியோரம் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தேன்; ரொம்ப நேரமாக அதே கயிறு. லீனோ கதவைத் திறந்தார். தொப்பி, நல்ல கோட்டு, காலில் வீட்டுச் செருப்பு. வேறெங்கும் பார்க்கவில்லை. கண் நேராகப் பெஞ்சுக்குப் போனது.

பெஞ்சு இருந்தது. பனி பூத்து, வைத்த இடத்திலேயே.

கோட்டுக் கையால் பனியைத் துடைத்தார். பிறகு குனிந்து ஒரு முனையைப் பிடித்துப் பின்பக்கமாக இழுக்கத் தொடங்கினார். எனக்குத் தாங்கவில்லை.

“நல்ல புத்தாண்டு, லீனோ!”

கை கொடுக்காமல் எங்கள் ஊரில் புத்தாண்டு ஆகாது. பெஞ்சை விட்டுவிட்டு வந்தார். கேட்டின் தாழ்ப்பாளைத் தூக்கக் கையை நீட்டினார். கை காற்றில் நின்றது. இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். இரண்டு தூண்கள். நடுவில் தெரு.

“என் கேட் எங்கடா?”

“எந்த கேட்?”

“டேய்! நானே வெல்டிங் வச்ச கேட்டுடா! அதுல தபால் பெட்டி வேற இருக்கு!”

செருப்போடேயே மைதானத்துக்கு ஓடினார். நான் பின்னால். குவியலைச் சுற்றி ஊரே நின்றது. எல்லாவற்றுக்கும் மேலே, பஸ் நிறுத்தத்தின் கூரைமீது, வீட்டு எண்ணும் தபால் பெட்டியுமாக லீனோ வீட்டு கேட் நிமிர்ந்து நின்றது.

முதலில் போர்ச்சுகீஸில் திட்டினார். போதவில்லை போலும், பிறகு எங்கள் பாஷைக்கு வந்தார். எங்கள் தாத்தாக்கள்கூட மறந்துபோன வசவெல்லாம் வந்தது. “எவன்டா அவன்! கேட்டைத் தொட எவ்வளவு தைரியம்! யாரு இறக்கித் தரப்போறது?” நடிப்பு இல்லை, நிஜக் கோபம். கழுத்து நரம்பு தெரிந்தது.

டீனெக்கெ புத்தாண்டுக்குப் பொரிக்கும் ஓலிபொல்லன் உருண்டைத் தட்டோடு வந்தாள். மேலே தூவிய சர்க்கரை காற்றில் பறந்தது. “என்ன லீனோ, உன்னுதும் போச்சா?”

“போச்சு! வேரோட பிடுங்கிட்டாங்க, ராஸ்கல்ங்க!”

“கேட்டா?” ஹெங்க் தன் தொட்டியின் பிடியைப் பிடித்துக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்த்தார். குரலில் லேசான பொறாமை. “எங்கிட்டேருந்து கேட்டெல்லாம் எடுத்ததேயில்லை.”

லீனோ வசவை நிறுத்தினார். ஹெங்கைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். பிறகு ஒரு ஓலிபொல்லனை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் மென்றார். மூக்கைச் சிந்தினார்.

“குளிரு,” என்றார்.

“ஆமா, பயங்கரக் குளிரு,” என்றேன்.

அப்போது அவர் போன் அடித்தது. இனெஸ். அவர் கத்திய போர்ச்சுகீஸ் எனக்குப் புரியவில்லை. ஆனால் கூரையைக் காட்டிக் காட்டிப் பேசினார், போர்ட்டோவிலிருந்து அவளுக்குத் தெரியும் என்பதுபோல.

“என்ன சொன்னீங்க?”

“ரெண்டு வாரம் மட்டும் வந்துட்டுப் போறேன்னு சொன்னேன். கேட் இல்லாத வீட்டை எவன்டா வாங்குவான்? முதல்ல மேல ஏறு.”

நானும் ஹார்மும்தான் இறக்கி மாட்டினோம். கொஞ்சம் கோணல். திறந்தால் கழுதைபோலக் கத்தும். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி ரேடியோவுக்கு வந்து முழுப் பத்து நிமிஷமும் எங்களைத்தான் கிழித்தார், இந்த ஊர் வளர்ப்பு சரியில்லை என்று. டீனெக்கெ சிரித்ததில் ஒரு கூடை வறுவல் கருகியது. ஜனவரி போனது, பலகை நடவில்லை.

அந்த வருஷக் கடைசி மத்தியானம் அவர் வீட்டைத் தாண்டிப் போனேன். நீல பெஞ்சு பின்தோட்டத்தில். கேட்டில் மூன்று சுற்றுக்குப் புதுச் சங்கிலி. லீனோ அதில் என் முஷ்டியளவு பூட்டைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்.

“இந்த வருஷம் உங்க பாச்சா பலிக்காதுடா!”

“பார்க்கலாம்,” என்றேன்.

அவர் உள்ளே போன பிறகு பூட்டைத் தொட்டுப் பார்த்தேன். தொங்கவிட்டிருந்தாரே தவிர அழுத்திப் பூட்டவில்லை.