அந்த வரியை அடி என்றேன்

கடலை ஆய்ந்துகொண்டிருந்தபோது பேரன் கவினிடமிருந்து போன் வந்தது. வேலை நாளில், அதுவும் காலையில், அவன் கூப்பிடுகிறவன் இல்லை. "அப்பத்தா, மேடம் போயிட்டாங்க" என்றான். எங்கே போனார் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவன் அழுகிற சத்தம் கேட்டது. கையில் இருந்த கடலைச் செடியைக் கீழே போடக்கூடத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

உங்களுக்கெல்லாம் சுகந்தி மேடம். எனக்கு டீச்சரம்மா. பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் பிள்ளைகளிடம் எப்படிப் போய்ச் சேருகிறது என்று ஆராய்ந்தவர், ஆராய்ச்சிக்குப் புதிதாக வருகிறவர்களைக் கைபிடித்துப் பழக்கியவர் என்று நீங்கள் எழுதுவீர்கள். என் பேரன் அவரிடம்தான் பிஎச்.டி. செய்கிறான். எங்கள் வம்சத்தில் அந்தப் படிப்பை எட்டிப் பிடித்த முதல் ஆள் அவன். அவரிடம் படித்த நீங்கள் போடுகிற நினைவு மலருக்கு நானும் எழுத வேண்டும் என்று கேட்டதால், ஐந்தாவதோடு நின்ற நான் எனக்குத் தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

கவின் பிறந்தபோது பெண்பிள்ளை என்று சொல்லித்தான் என் கையில் கொடுத்தார்கள். வளர்ந்த பிறகு ஒரு பொங்கலன்று, தான் ஆண் என்று என்னிடம் சொன்னான். நான் திட்டவும் இல்லை, மாரில் அடித்துக்கொள்ளவும் இல்லை. "சரிப்பா. வெளிய சொல்லாத" என்றேன். அதையே பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டு இருந்தேன்.

எட்டாம் வகுப்பில் வளரிளம் பருவப் பாடம் நடக்கும்போது, அவனைப் போன்ற பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டு எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் அவன் எடுத்த ஆராய்ச்சி. அதற்கு அனுமதி கேட்ட முதல் கூட்டத்தில் மூத்த பேராசிரியர் ஒருவர், "இதுல அறிவியல் எங்க இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். டீச்சரம்மா, "நாப்பது பேர் இருக்குற வகுப்புல ஒரு பிள்ளைக்கு மட்டும் பாடம் போய்ச் சேரல. ஏன் சேரலன்னு பாக்குறது நம்ம வேலை இல்லன்னா, வேற யார் வேலைங்க?" என்று திருப்பிக் கேட்டாராம். கவின் இதை என்னிடம் மூன்று தடவை சொல்லியிருப்பான்.

ஒரு கோடையில் டீச்சரம்மா, கவினோடு முதல் வருடப் பிள்ளைகள் ஆறு பேரையும் அழைத்துக்கொண்டு எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டைக்கு, எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். பேட்டி எடுக்கப் பழகுவதற்காம். பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்து வந்தவர், தண்ணீர்ச் சொம்பை வாங்கிக்கொண்டே கொல்லைப் பப்பாளியைப் பார்த்து, "இது என்னம்மா, ஆண் மரமா?" என்றார்.

"ஆண் மரந்தான். வெட்டிருப்பேன். போன வருசம் என்ன நெனைச்சுச்சோ, நீளக் காம்புல நாலு காய் தொங்கவிட்டுச்சு. பொழச்சுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

பிள்ளைகள் ஆளாளுக்குப் போட்டோ எடுத்தார்கள். ஒருவன், "மேடம், பொறப்புல சொன்னதே முடிவில்லங்கிற நம்ம கருத்தை இத வச்சே நிரூபிச்சிரலாம்" என்று குதித்தான். டீச்சரம்மா சிரித்தார். "பாடத்துல சேக்கலாம், நல்ல பாடம். ஆனா மரத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டுத்தான் மனுசனுக்கு மரியாதை வாங்கணுமா? அந்த மரம் காய்க்காமப் போயிருந்தா கவினை என்ன செய்வ?" என்றார். அந்தப் பிள்ளை போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்கே தெரியும். யார் சொன்னதை எழுதினோமோ அவரிடமே போய் மறுநாள் படித்துக் காட்ட வேண்டும். அவர் ஒரு வரியை அடிக்கச் சொன்னால் அடிக்க வேண்டும். "ஒருத்தரோட நிம்மதியை விட நம்ம கட்டுரை பெருசில்ல" என்பார்.

என்னைப் பேட்டி கண்டது தேன்மொழி என்கிற பெண். உடம்பைப் பற்றி எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள், பள்ளிக்கூடத்தில் என்ன சொன்னார்கள் என்றெல்லாம் கேட்டாள். மறுநாள் படித்துக் காட்ட வந்தபோது பக்கத்து வீட்டுப் பொன்னம்மா முறத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். டீச்சரம்மா என் காதருகே வந்து, "உள்ள போயித் தனியாப் படிக்கட்டுமாம்மா?" என்றார். வீம்பு என்னை விடவில்லை. "நான் சொன்னதுல என்ன ஒளிவு மறைவு? சத்தமாப் படி தாயீ" என்றேன்.

தேன்மொழி படித்தாள். கிணற்றடி வைத்தியம், வாத்தியார் பிரம்பு, எல்லாம் என் வாய்ச்சொல்லாகவே வந்தது. பொன்னம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அடுத்து, எழுத்தில் வந்தால் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்து முந்தின நாள் நான் சொல்லிவைத்த வரி வந்தது: "பொண்ணாப் பொறந்து ஆணா மாறுறது எல்லாம் எங்க வம்சத்துல கெடையாது."

கவின் எதிரில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து ஒரு முறை முறைத்திருந்தால் நானும் ஏதாவது பேசிச் சமாளித்திருப்பேன். அவன் நிமிரவே இல்லை. பழகிப்போனவன் போல அடுத்த கடலையை எடுத்து உரித்தான். அந்த விரல்களைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"எல்லாம் சரியா பாட்டி?" என்றாள் தேன்மொழி.

"இல்ல. அந்தக் கடைசி வரி பொய். அத அடி."

"அடிச்சிட்டு என்ன எழுதட்டும்?"

"எங்க வம்சத்துல ஒருத்தன் இருக்கான்னு எழுது. இந்தா உக்காந்திருக்கான், என் பேரன்." சொல்லிவிட்டு அவனைப் பார்த்தேன். "சொல்லலாமாப்பா?"

சொன்ன பிறகுதான் கேட்டேன். கவின் தலையை மட்டும் ஆட்டினான்.

பொன்னம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "ஏத்தா, பேத்தின்னுல்ல இத்தன நாளு சொன்ன?"

"இத்தன நாளும் தப்பாச் சொன்னேன்டி."

டீச்சரம்மா என்னைப் பாராட்டவில்லை. "அடிச்ச வரி படிக்கிற மாதிரி இருக்கட்டுமாம்மா, இல்ல கிழிச்சிரவா?" என்று மட்டும் கேட்டார். இருக்கட்டும் என்றேன். அதையும் நான்தானே சொன்னேன்? சாயந்தரம் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் பேசினார். "இதுக்காகக் கூச்சப்படாதீங்கம்மா. ஆராய்ச்சின்னா தெனமும் இதான். நேத்து தப்பா எழுதுனத இன்னைக்குத் திருத்துறோம்." பஸ் ஏறியதும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்டக்டர் விசிலடிக்கும்வரை விடவில்லை.

நீங்கள் அவரிடமிருந்து நிறையப் படித்திருப்பீர்கள். எனக்குக் கிடைத்தது ஒன்றுதான். தவறாகச் சொன்ன அதே வாயால், அதே ஆட்கள் முன்னால், சரியானதைச் சொல்லிவிடலாம். உயிர் ஒன்றும் போய்விடாது.

என் மூத்த பேத்தியின் மகளுக்கு ஆவணியில் காதுகுத்து வைத்திருக்கிறோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். பேத்திக்குக் கூடப்பிறந்தது கவின் ஒருவன்தான். போன வாரம் மீமிசலிலிருந்து வந்த என் நாத்தனார் காப்பித் தம்ளரோடு ஆரம்பித்தாள்.

"அத்தாச்சி, மாமன் மொறைக்கு யாரப் புடிச்சு உக்கார வைக்கப்போறீங்க?"

"எதுக்குப் புடிக்கணும்? கவின் இருக்கான்ல."

"அந்தப் புள்ளையா? பத்திரிகையில என்னான்னு போடுவீங்க?"

"தாய்மாமன் கவின். அச்சுக்குக் குடுத்தாச்சு."

அவள் என்னையே பார்த்தாள். நானும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். காப்பியைக் குடித்து முடித்தாள். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"சரி, மாமன் சீரு என்ன கொண்டாரானாம்?"