கரிவண்டியில் ஏறாத மானேஜர்

விழிஞ்ஞத்துக் கடைசி ஸ்டாப்பில் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு, பால் விடாத கட்டன் சாயாவை வாயில் வைக்கப் போகும்போதுதான் சேதி வந்தது. அடுத்த வண்டியை ஓட்டி வந்த கோபாலன், பிரயாணிகள் இறங்கும் முன்பே தான் குதித்திறங்கி என்னிடம் வந்தான்.

"அண்ணாச்சி, நம்ம மானேஜர் சார் மரிச்சுப் போயி. விடியக்காலம், உறக்கத்திலயாக்கும்."

நான் அழவில்லை. "பத்தரை வண்டியை யாரு எடுக்கது?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்தது. கோபாலன் என்னை முறைத்தான். அப்புறம் இருவரும் சிரித்துவிட்டோம். சிரிப்பு முடியுமுன் அழுகையும் வந்துவிட்டது. அவர் அங்கே நின்றிருந்தாலும் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.

திரு. ஞானமுத்து அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிழக்கேகோட்டைக்கும் விழிஞ்ஞத்துக்கும் இடையே ஐந்து பஸ் ஓட்டும் எங்கள் சிறிய கம்பெனிக்கு அவர் மானேஜர். பாறசாலைப் பக்கத்துக்காரர். குள்ளமான உருவம், பெரிய குடை, அதைவிடப் பெரிய சிரிப்பு. என்னைவிட இரண்டு வயது இளையவர். அதனால் என்னை அண்ணாச்சி என்பார். நான் அவரைச் சார் என்பேன். எங்களுக்குள் மரியாதைக்குக் குறைவில்லை, சண்டைக்கும் குறைவில்லை.

அவர் வருமுன் எங்கள் ஷெட் இருந்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். டிரைவர்களுக்கு ஒரு பெஞ்சு, கண்டக்டர்களுக்கு ஒரு பெஞ்சு. வண்டி கழுவுகிறவர்களும் ஸ்பானர் பிடிக்கிறவர்களும் தரையில். ஒருவன் வேலையில் இன்னொருவன் வாய் திறக்கக் கூடாது. முதல் நாள் சாயா வந்ததும் அவர் நேரே போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மானேஜர் தரையில் இருக்கையில் நான் பெஞ்சில் எப்படி இருப்பது? மனதுக்குள் திட்டிக்கொண்டே இறங்கி உட்கார்ந்தேன். அன்று என் வேட்டியில் ஒட்டிய கிரீஸ் கடைசிவரை போகவில்லை.

அடுத்தது செவ்வாய்க்கிழமைக் கூத்து. செவ்வாய் வெறுவாய் என்று ஊரில் பலர் அன்று பிரயாணம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். மத்தியானத்துக்கு மேல் வண்டியில் பாதி சீட்டு காலியாக இருக்கும். அந்த நேரத்தில் ஒருவர் வேலையை மற்றவர் செய்ய வேண்டும் என்று அவர் உத்தரவு போட்டார். பதினைந்து வருஷம் ஸ்டீயரிங் பிடித்த நான், கிழக்கேகோட்டையில் நின்று "விழிஞ்ஞம், விழிஞ்ஞம்" என்று ஆள் கூப்பிட வேண்டுமாம்! வெட்கத்தில் குரலே எழும்பவில்லை. மீன்கூடையோடு வந்த ஒரு அம்மாள், "எந்து பற்றி, என்ன ஆச்சு? தொண்டைக்குச் சுகமில்லியா?" என்று பரிதாபப்பட்டு ஒரு துண்டு சுக்கைக் கொடுத்துவிட்டுப் போனாள். மானேஜரோ வண்டிக்கு அடியில் படுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். மைதீன் காக்கா என்று எல்லோரும் அழைக்கும் எங்கள் கிளீனர் மேலே நின்று, "சார், அந்த மூலையில அழுக்கு அப்படியே இருக்கு" என்று அதிகாரம் செய்தார். அதற்கும் அந்தப் பெரிய சிரிப்புத்தான் வண்டிக்கு அடியிலிருந்து வந்தது.

இதெல்லாம் எனக்குப் பிடிக்கவில்லை. கண்டக்டராக இருந்த கோபாலனுக்கு நானே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றபோது எகிறினேன். அவனுக்கு லைசென்ஸ் கிடைத்த அன்றிலிருந்து மூன்று நாள் மானேஜரோடு பேசவில்லை. என் கஞ்சியில் மண் போடுகிறார் என்றே நினைத்தேன்.

ஒருநாள் அம்பலத்தறையில், அப்போதும் என் வண்டியில் கண்டக்டராகவே இருந்த கோபாலன் ஆள் ஏற்றக் கீழே இறங்கினான். அவன் ஏறுமுன்னே வண்டியை எடுத்துவிட்டேன். பின்னால் பிரயாணிகள் கத்தினார்கள். நான் ஏதோ தங்களுக்குள் சண்டை போடுகிறார்கள் என்று எண்ணி, கிழக்கேகோட்டைவரை கண்டக்டர் இல்லாத பஸ்ஸைக் கொண்டுவந்து சேர்த்தேன். மானேஜர் வாசலிலேயே நின்றார்.

"மொதல்ல கோபாலனக் கூட்டியாரும். யாரு தப்புன்னு நாளைக்குக் கேப்போம்" என்றார். அதுதான் அவர் வழக்கம். வண்டி நகரும்வரை யாரையும் குற்றம் கேட்க மாட்டார்.

மறுநாள் சாயாவோடு கேட்டார். கண்டக்டர் எனக்கு மணியடிக்கும் கயிறு அறுந்து ஒரு வாரமாகிறது என்றும், அதுவரை பலகையில் தட்டியே சமாளித்தான் என்றும், நான் எரிந்து விழுவேன் என்று கோபாலன் என்னிடம் சொல்லவில்லை என்றும் அப்போதுதான் வெளியே வந்தது. மானேஜர் என்னைத் தனியாக அழைத்தார்.

"அண்ணாச்சி, கயிறு அறுந்தா நான் வேற கட்டிருவேன். ஒம்மகிட்ட வாயத் தொறக்க ஒருத்தன் பயந்தாம்னா, அதுக்கு நான் எந்தக் கடையில போயி என்ன வாங்கட்டும்?"

எனக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று முதல் என் வாயைக் கொஞ்சம் கட்டினேன். கொஞ்சம்தான், முழுக்கக் கட்ட இன்றுவரை முடியவில்லை.

பிறகு யுத்தம் வந்தது, பெட்ரோல் போயிற்று. ஆரியசாலையில் மொத்த வியாபாரம் செய்யும் எங்கள் முதலாளி, வண்டிகளை விற்றுவிட்டுக் கம்பெனியை மூடுவது என்று தீர்மானித்தார். ஷெட்டில் பதினெட்டுப் பேர். எல்லோருக்கும் பிள்ளைகுட்டிகள். மானேஜர் போய்ப் பேசி ஒரே ஒரு வாய்ப்பு வாங்கி வந்தார். வண்டியின் பின்னால் பெரிய இரும்பு உருளை மாட்டி, அதில் கரியை எரித்து, அந்த வாயுவில் பஸ் ஓட்டலாம். ஒரு வண்டி ஒரு நாள் முழுவதும் போவது ஒன்று, வருவது ஒன்றாக எட்டு நடை தவறாமல் ஓடிக் காட்டினால் கம்பெனி நடக்கும், ஒருவரையும் நிறுத்த மாட்டேன் என்று முதலாளி வாக்குக் கொடுத்தார். தவறினால் பதினெட்டுப் பேரும் வீட்டுக்கு.

ஒரு மாதம் எல்லோரும் கரியில் குளித்தோம். தீ விஷயத்தில் மைதீன் காக்கா சொல்வதே சட்டம் என்று மானேஜர் வைத்தார். சோதனைக்கு முதல் நாள் சாயங்காலம், "நாளைக்கு நான் வரல்ல" என்றார்.

"என்ன சார், நடுக்கடல்ல விட்டுட்டுப் போறீரா?" என்று நான் குதித்தேன்.

"நான் வந்தா எல்லாரும் என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிப்பிய. எனக்கு வீட்டுல சோலி கெடக்கு" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நான் ஓட்ட, கோபாலன் டிக்கெட் கொடுக்க, மைதீன் காக்கா பின்னால் கரி போட, மூன்று நடை நன்றாக ஓடியது. நான்காவதில், கிழக்கேகோட்டைக்குத் திரும்பும் வழியில், திருவல்லத்துக்கு முன்னால் உள்ள ஏற்றத்தில் வண்டி திணறி நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை. இறங்கிப் பின்னால் ஓடினேன்.

"அண்ணாச்சி, மூடியத் தொறக்காதிய! தீ வெளிய பாயும்!" என்று மைதீன் காக்கா அலறினார்.

ஒரு கிளீனர் எனக்குச் சொல்வதா? திறந்தேன். தீ பாய்ந்தது. வலது கை வெந்தது, மீசையில் பாதி போயிற்று. நடுரோட்டில் உட்கார்ந்தேன். என் வீம்பினால் பதினெட்டு அடுப்பை அணைத்துவிட்டேனே என்று இடது கையால் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஒருவரும் என்னைத் திட்டவில்லை. கோபாலன் டிரைவர் சீட்டில் ஏறினான். "பயப்படண்டா அண்ணாச்சி, நான் ஓட்டிக்கோளாம்" என்று டிக்கெட் பையைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினான். மைதீன் காக்கா என் கையில் தேங்காயெண்ணெயைத் தடவிவிட்டு, வாயு வரும் குழாயைப் பிரித்துச் சாம்பலைத் தட்டினார். தீயை எழுப்பக் காற்று ஊதும் சக்கரத்தை இடது கையால் நான் சுற்றினேன். வண்டியில் வந்த மீன்காரப் பெண்கள் இறங்கி, கூடைகளை ஓரமாக வைத்துவிட்டுத் தள்ள வந்தார்கள். ஊர் கூடித் தேர் இழுத்தாற்போல், "ஏலேலோ" போட்டு ஏற்றத்தில் ஏற்றிவிட்டார்கள். மேட்டில் வண்டி உறுமியபோது அவர்கள் போட்ட கூச்சலும் சிரிப்பும் இன்னும் என் காதில் இருக்கிறது.

மீதி நான்கு நடையும் நானே ஆள் கூப்பிட்டேன். இந்தத் தடவை குரல் எழும்பியது. எட்டாவது நடை ஏழு நிமிஷம் பிந்தியது. கடிகாரத்தோடு நின்ற முதலாளி, கரி பூசிய முகமும் பாதி மீசையுமாக நான் டிக்கெட் பையோடு இறங்குவதைக் கண்டார். சிரித்துச் சிரித்துக் கடைசியில் கடிகாரத்தைப் பையில் போட்டுக்கொண்டார். "போட்டே, போகட்டும். எல்லாரும் இருக்கட்டும்" என்றார்.

பதினெட்டுப் பேரும் மானேஜர் வீட்டுக்கு ஓடினோம். அவர் வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "ஓடிச்சா? ஓடும்னு தெரியும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, என் மீசையைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டார். எங்களுக்குச் சற்று ஏமாற்றந்தான். அவ்வளவு பெரிய நாளில் இந்த மனிதருக்கு ஒரு பதைபதைப்பும் இல்லையே என்று பல வருஷம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு.

அடக்கத்தன்று வண்டிகளை நிறுத்திவிடலாம் என்று முதலாளி சொன்னார். நாங்கள் ஷெட்டில் உட்கார்ந்து பேசினோம், ஒரு சாயா குடிக்கும் நேரம்தான். ஒரு நடையும் நிற்கவில்லை. டிரைவர் கல்லறைக்குப் போனால் மெக்கானிக் ஓட்டினார், கண்டக்டர் போனால் கிளீனர் டிக்கெட் கொடுத்தார். முறைவைத்துப் பதினெட்டுப் பேரும் போய் அவருக்கு ஒரு பிடி மண் போட்டோம்.

என் முறையில் அவர் மனைவி அன்னம்மாள் என்னைக் கூப்பிட்டார்கள்.

"கரிவண்டி சோதனை அன்னைக்கு அவிய வீட்டுல இருந்தாவன்னா நெனச்சிய?"

"பின்னே?"

"காலையிலயே சைக்கிள எடுத்துட்டுப் போயிட்டாவ. திருவல்லத்து ஏத்தத்துல ஒரு பிலாமரம் நிக்கில்லா? அதுக்குப் பொறத்தால ஒளிஞ்சு நின்னாவளாம். ஒமக்குத் தீ பட்டதக் கண்டதும் ஓடி வரக் காலு துடிச்சுதாம். போனா எல்லாம் கெட்டுரும்னு மரத்தக் கெட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னாவளாம். வண்டி மேட்டுல ஏறினப்பொறவுதான் கைய விட்டாவளாம். வீட்டுக்கு வந்து கொச்சுப் பிள்ள மாதிரி ஒரே கரச்சலு, அப்படி ஒரு அழுக. சட்டை பூரா பிலாப்பாலு. மூணு தடவ அலக்கியும் போவல்ல."

இன்று காலை விழிஞ்ஞத்திலிருந்து வரும் முதல் நடை என்னுடையது. அந்த ஏற்றத்தில் பலாமரம் நிற்கிறது. தினமும் பார்க்கிற மரந்தான், பார்த்ததே இல்லை. பஸ் நிறைய ஆள் இருந்தும் வண்டி நிற்காமல் ஏறியது. மரத்தடியில் ஒரு தடவை ஹார்ன் அடித்தேன். பின்னால் வந்த வண்டியில் கோபாலனும் அடித்தான்.

சார், வண்டி மேட்டில் ஏறிவிட்டது. இனி மரத்தை விட்டுவிடலாம்.