நடக்கச் சொன்ன குற்றம்

சீனி வருத்தக் கிளினிக்கில், அதாவது நீரிழிவுக் கிளினிக்கில், தாதியாக இருப்பவளுக்கு ஊசி போடுவது கால்வாசி வேலை. மிச்ச முக்கால்வாசியும் "நடவுங்க, நடவுங்க" என்று தொண்டைத்தண்ணி வற்றக் கத்துவதுதான். உங்களுக்கும் சீனி இருந்தால் என்னைப் போல ஒருத்தியிடம் நல்லா வாங்கிக் கட்டியிருப்பீர்கள். ஆனால் சண்டை நடந்த வருசங்களில், மட்டக்களப்பில் காரணமில்லாமல் நடப்பதென்றால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேணும்.

காலாற ஒரு நடை

கல்லடித் தருமலிங்கம் தபால் கந்தோரில் எழுதுவினைஞர். வயது நாற்பத்திரண்டு, வயிறு அவருக்கு முன்னால் வரும். அவருடைய அப்பாவுக்குச் சீனியால் காலை வெட்டி, ஆறு மாதத்தில் ஆளும் போய்விட்டார். இப்போது மகனுக்கும் சீனி எகிறி நின்றது. "நடக்காட்டி உங்கட காலும் போகும்" என்று மூஞ்சிக்கு நேரே சொன்னேன்.

மனுசன் பயந்துபோய் விடியக் கடற்கரை வீதியில் இறங்கினார். சென்றிக் காவலில் நின்ற சிப்பாய் "எங்க போறது?" என்று கேட்டான். "எங்கயும் இல்ல" என்று உள்ளதைச் சொன்னார். அவ்வளவுதான், பிடித்து வெயிலில் இருத்திவிட்டார்கள். அடுத்த கிளினிக்கில் வந்து என்னில் பாய்ந்தார்: "நடந்தது பத்து நிமிசம், குந்தி இருந்தது மூண்டு மணித்தியாலம். இதுல சீனி குறையுமா மிஸ்ஸி?"

வெறும் பை

வரிசையில் இருந்த காத்தான்குடி சுபைதா உம்மாதான் வழி சொன்னா. "கையில பை ஒண்டு வெச்சிக்கிங்க தம்பி. கடைக்குப் போற மனிசர ஆரும் மறிக்கிறல்ல." பை நாலு நாள் காப்பாற்றியது. ஐந்தாம் நாள் அதே சிப்பாய் பையை உதறிப் பார்த்து, "எந்த நாளும் கடை போறது, ஒண்டும் வாங்கிறது இல்ல?" என்றானாம்.

அன்றிலிருந்து நாளுக்கு நாலு சீனிப் பணிஸ் ரொட்டி வாங்கினார். வாங்கினதைத் தின்றும் முடித்தார். அந்த மாதம் சீனி முந்தினதை விடக் கூட. நான் ஏசின ஏச்சில் கிளினிக்கே அடங்கிப்போனது. அவர் மட்டும் மெல்லச் சொன்னார்: "உசிருக்குப் பயந்து வாங்கின பணிஸ் மிஸ்ஸி, எப்பிடி வீசிற?"

கிணற்றடி

பிறகு அந்த வீதியில் குண்டு வெடித்தது. "வீட்டு வளவுக்குள்ளேயே நடக்கவும்" என்று அவருடைய கிளினிக் கொப்பியில் எழுதிக் கொடுத்தேன். கிணற்றைச் சுற்றினார், விடிய நூறு, பின்னேரம் நூறு. மூன்று மாதத்தில் சீனி இறங்கிவிட்டது. எனக்கென்றால் தலைகால் தெரியாத சந்தோசம். அவருடைய மனைவி பரமேஸ்தான் முகத்தைச் சுழித்தா: "இந்தாள் சுத்திறதப் பாத்து எனக்குத் தலை சுத்துது மிஸ்ஸி. கிணத்தடியில புல்லும் முளைக்கிறல்ல."

கிண்டின மண்

ஒரு சுற்றிவளைப்பில் வந்தவர்கள் அந்தப் புல்லில்லாத வட்டத்தைக் கண்டார்கள். ஆயுதம் எதையோ தாட்டு, மண் மூடி மிதித்த இடம் என்று சந்தேகம். கிணற்றைச் சுற்றிக் கிண்டினார்கள், ஒன்றுமில்லை. ஆனாலும் ஆளைக் கொண்டுபோய்விட்டார்கள். பரமேஸ் கொப்பியோடு ஓடி வந்து, "குளிசை போட்டவர் மிஸ்ஸி, ஒரு வாய் சாப்பிடல்ல" என்றா. சீனியைக் குறைக்கிற மருந்துக் குளிசை போட்டுச் சாப்பிடாமல் கிடந்தால் சீனி அடிமட்டத்துக்கு இறங்கி ஆளே போய்விடும்.

கொப்பியை வாங்கிக்கொண்டு முகாமுக்கு ஓடி, அங்கிருந்த அதிகாரியிடம் நீட்டினேன். "நடக்கச் சொன்னது நீயா?" என்று அதிகாரி கேட்டார். "நான்தான் சேர்" என்றேன். தருமலிங்கத்தைக் கொண்டுவந்தார்கள். வேர்த்து ஒழுகுது, கை உதறுது, வாய் குழறுது. களவு பிடிபட்ட நடுக்கம் என்று அவர்களுக்கு எண்ணம். "இது பயமில்ல, சீனி இறங்கிட்டு! தேத்தண்ணி குடுங்க! சீனி போடுங்க, இன்னும் போடுங்க!" என்று முகாம் அதிரக் கத்தினேன். ஒரு சிப்பாய் ஓடிப்போய் எடுத்து வந்தான்.

கொஞ்ச நேரத்தில் ஆள் தெளிந்தார். அதிகாரி கொப்பியைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். வெளியே வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தருமலிங்கம் அழவில்லை: "சீனியால செத்தா ஆரும் வளவக் கிண்டிப் பாக்க மாட்டாங்க மிஸ்ஸி. இனி நான் நடக்கிறல்ல."

காலைக் காப்பாற்ற நடக்கச் சொல்லி உயிருக்கு உலை வைத்து, உயிரைக் காப்பாற்றச் சீனி போடச் சொல்லிக் கத்தி, அடுத்த கிளினிக்கில் அதே ஆளிடம் "நடவுங்க" என்று மறுபடியும் தொடங்கினேனே, இதுக்குப் பெயர்தான் தாதி உத்தியோகம்.