தண்ணீர்ப் பொத்தான்

அரூர்ப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். சிறுநீரகச் செயலிழப்பு என்று ஆரம்பித்தாலே பிள்ளைகளுக்குக் கொட்டாவி வந்துவிடும். பொட்டாசியம், சோடியம் என்று போர்டில் எழுதி எழுதிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். அப்போதுதான் அந்த மொபைல் கேம் கிடைத்தது. கிட்னி போன ஒரு வெள்ளைக்காரத் தாத்தா திரையில் கட்டிலில் கிடப்பார். என்ன சாப்பாடு, எவ்வளவு தண்ணீர், எப்போது டயாலிசிஸ் என்று நாம்தான் பொத்தானை அமுக்க வேண்டும். தண்ணீர் அதிகமானால் அவருக்கு மூச்சு வாங்கும். பொட்டாசியம் ஏறினால் இதயக் கோடு தாறுமாறாக ஓடி, கடைசியில் படுத்துவிடும்.

பிள்ளைகள் பித்துப் பிடித்த மாதிரி ஆடினார்கள். "மேடம், எங்க தாத்தா புட்டுக்கிட்டாருங்க!" என்று ஒருத்தி கத்துவாள். "அடிப்பாவி, வாழைப்பழமா குடுத்த?" என்று பக்கத்து பெஞ்சு சிரிக்கும். அடுத்த தேர்வில் வகுப்பே தேறிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் கோடையில்தான் என் அப்பாவுக்கு இரண்டு கிட்னியும் போயிற்று. சர்க்கரை நோய் செய்த வேலை. டயாலிசிஸுக்குத் தர்மபுரிக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு அலைந்தேன். ஏர் ஓட்டிவிட்டு வந்தால் மோட்டார் குழாயில் வாயை வைத்து வயிறு முட்டக் குடித்த மனிதர். இப்போது நாள் முழுக்க ஒரு சின்னச் சொம்பு தண்ணீர்தான், அதையும் நான்தான் அளந்து ஊற்ற வேண்டும். "பாப்பா, நாக்கு மேல ஒட்டிக்குது" என்பார். ஒரு ஐஸ் துண்டை வாயில் வைப்பேன். அது எந்த மூலைக்கு? கேமில் இருந்த தாத்தா ஒருநாளும் தாகம் என்று சொன்னதில்லை.

இதில் எங்கள் சனம் வேறு. உடம்புக்கு முடியாதவரைப் பார்க்க வெறுங்கையோடு வர மாட்டார்கள். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பெரியப்பா மகன் வண்டியில் ஒரு குலை இளநீரையே கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"இளநி ஆகாதுங்கண்ணா. பொட்டாசியம் ஏறி நெஞ்சு நின்னுடும்" என்றேன்.

"இளநி குடிச்சு எவனாச்சும் செத்திருக்கானா? வறண்டு கெடக்கற மனுசனுக்கு இதக்கூடக் குடுக்க மாட்டியா? நீயெல்லாம் என்ன பாடம் எடுக்கற?"

வந்த ஆத்திரத்தில் இளநீர் சீவ அவர் எடுத்த அரிவாளைப் பிடுங்கிச் சாக்கடையில் வீசினேன். என்ன பிரயோசனம்! மறுநாள் நான் கல்லூரிக்குப் போன பிறகு வேறு அரிவாளோடு வந்து சீவிக் கொடுத்திருக்கிறார். நான் வரும்போது அப்பா கைகால் துவண்டு கிடந்தார். ஆஸ்பத்திரியில் அவசரமாக டயாலிசிஸ் செய்து பிழைக்க வைத்தார்கள். "நீங்க இதையே சொல்லிக் குடுக்கறவங்கதானே? வூட்ல சொல்றதில்லீங்களா?" என்றார் டாக்டர். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வராந்தாவில் அண்ணன் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். "நல்லதுன்னுதாம்மா குடுத்தேன்" என்றார். அவரைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு, சொல்லிப் புரியாதது ஆடினால் புரியுமென்று அப்பாவின் கையில் போனைக் கொடுத்தேன். இது சாப்பாடு, இது மருந்து, இது தண்ணீர் என்று காட்டினேன்.

"இந்தாளுக்கு யாருமில்லியா பாப்பா?" என்று கேட்டுவிட்டு, பெருவிரலைத் தண்ணீர் டம்ளர் மேல் வைத்தார். மறுபடி வைத்தார். தாத்தாவுக்கு மூச்சு இரைத்தது.

"ஐயோ அப்பா, தண்ணி குடுக்காதீங்க. செத்துடுவாரு."

"தெரியுது பாப்பா. நெஞ்சு ஏறி எறங்குது பாரு" என்றபடியே இன்னொரு முறை அமுக்கினார். கோடு படுத்துவிட்டது.

புதிதாக ஆரம்பித்துக் கொடுத்தேன். அதற்கும் தண்ணீர்தான். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "ஏம்ப்பா, இன்னுமா வெளங்கல?"

"நீ சொன்னன்னிக்கே வெளங்கிடுச்சு. இளநியைக் குடிக்கறப்பவும் எனக்கு வெளங்கித்தான் இருந்துச்சு. இந்தாளு பாவம், குடிச்சுட்டாச்சும் போனான்."

போனை என் மடியில் வைத்துவிட்டு, தன் டம்ளரை எடுத்து நீட்டினார். அன்றைக்கு அளந்து வைத்த சொம்பு எப்போதோ காலி. பின்கட்டில் பானை நிறையத் தண்ணீர் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. அவரும் கையை இறக்கவில்லை.